மாமாவுக்குக் கேட்காத குரல்கள்

போன ஞாயிறு நீங்களும் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பியிருப்பீர்கள். கைபேசி தானாகவே திருப்பிக்கொள்கிறது. சுவரில் தொங்குவதையும் காரில் இருப்பதையும் அடுப்பில் இருப்பதையும்தான் தேடித் தேடி மாற்ற வேண்டியிருக்கிறது. அடுப்பு மணிக்கூட்டை மாற்றும் வித்தை என் மகனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் வேலை கிடைத்துப் பேர்த்துக்குப் போன பிறகு எங்கள் அடுப்பு வருடத்தில் பாதி சரியான நேரத்தையும் மீதிப் பாதி பிழையான நேரத்தையும் காட்டுகிறது. நானும் அதைத் திருத்த முயல்வதை விட்டுவிட்டேன்.

சிட்னியில் கோடை போவதை நான் மரங்களைப் பார்த்து அறிவதில்லை, வீட்டு வேலைகளைப் பார்த்துத்தான் அறிகிறேன். காலையில் காயப்போட்ட துவாய் பின்னேரமும் ஈரமாக இருக்கும். மின்விசிறியின் தூசியைத் துடைத்து, பிளாஸ்டிக் பையால் மூடி, கராஜில் கொண்டுபோய் வைப்பேன். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கனத்த போர்வையை இறக்கி வெயிலில் விரிப்பேன். அந்த வெயிலில் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது இருட்டியிருக்கும். காலையில் குடித்த தேநீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். இப்போது வீட்டில் நான் ஒருத்திதான்.

எண்பதுகளின் கடைசியில் சிறுபிள்ளைகளாக இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கு இந்தப் பின்னேரங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. வீட்டுத் திறப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்களும். திறப்பு நெஞ்சில் பட்டுக் குளிரும், பிறகு உடம்புச் சூட்டில் அதுவும் சூடாகும். ஆர் மணியடித்தாலும் திறக்காதே, போன் வந்தால் அம்மா குளிக்கிறா என்று சொல்லு. உங்கள் வீட்டிலும் இதையேதான் சொல்லித் தந்திருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது, அப்படி நான் தனியாக இருக்காமல் போன ஒரு கோடையைப் பற்றி.

அப்போது மேற்குச் சிட்னியில் ஒரு ஃபைப்ரோ வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மெல்லிய சீமெந்துத் தகட்டுச் சுவர். கோடையில் உள்பக்கம் தொட்டாலே கை சுடும். அப்பா ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே பெயின்ற் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. அவருடைய நக ஓரங்களைப் பார்த்து அன்றைக்கு எந்த நிறம் கலந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அம்மா ஊரில் ரீச்சர். இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் வேலை. அங்கே சமைப்பதோடு தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். இருவரும் வீடு வர ஆறு மணியாகும். பள்ளி விட்டதிலிருந்து ஆறு மணி வரை வீடு என்னுடையது. அது ஒரு பிள்ளை ஆசைப்படும் விஷயம் இல்லை.

கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முதல் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. விசிட்டர் விசாவில் வந்து, இங்கேயே இருக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். வேலை செய்ய அனுமதி வரும்வரை எங்கள் வீட்டில். அவர் வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா வேறு ஆளாகிவிட்டார். பின் அறைக்குத் திரைச்சீலை தைத்தார். மெத்தை தேடினார். இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடமும் என்னிடமும் தம்பி சின்ன வயதில் செய்த குழப்படிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் தாய் தகப்பன் நேரத்தோடு போய்விட்டார்கள். இருவரையும் வளர்த்தது அவர்கள் பெரியக்கா என்று கூப்பிடும் மூத்த அக்கா, என் பெரியம்மா. அவர் கலியாணம் கட்டாமல் ஊரிலேயே இருந்தார். வேலை, பஸ், சமையல், படுக்கை என்று இருந்த அம்மாவுக்குத் தன் ஆள் ஒருவர் வருகிறார். நான் இப்போது அம்மாவின் அந்த வயதைத் தாண்டிவிட்டேன். அவர் எவ்வளவு தனித்துப்போயிருந்தார் என்பது அந்தத் திரைச்சீலைகளை நினைக்கும்போதுதான் விளங்குகிறது. சின்னச் சின்ன மஞ்சள் பூப்போட்டவை. அந்த வீட்டை விட்டுப் போனபோது கழற்ற மறந்துவிட்டோம்.

வந்த மாமாவோ அம்மாவுடன் கதைக்கவில்லை.

விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதோடு சரி. அம்மா குசினிக்குள்ளிருந்து, "தம்பி, தேத்தண்ணி வைக்கட்டே?" என்று கேட்பார். ஹோலில் ரீவியைப் பார்த்தபடி இருக்கும் மாமா திரும்பவும் மாட்டார். இன்னொருமுறை கேட்பார். அப்போதும் ரீவியையே பார்ப்பார். அப்பா வாசலால் வந்து, "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று தன் கட்டைக் குரலில் ஒருதரம் கேட்டால் போதும். "ஓம் அத்தான்" என்று எழும்பிவிடுவார்.

ஒருநாள் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நீங்கள் கூப்பிட்டா எழும்புறான். நான் கூப்பிட்டா காதில விழாத மாதிரி இருக்கிறான். நான் பொம்பிளைதானே."

"ஊரில பெடியளோட திரிஞ்ச பழக்கம். போகப் போகச் சரிவரும்."

"முந்தி அப்பிடி இல்லை அவன். என்ர சீலையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவன்."

அந்த வருடம் எங்கள் வளவுக்குப் பின்னால் நின்ற யூகலிப்டஸ் மரத்தில் சில்வண்டுகள் அளவுகணக்கில்லாமல் வந்திருந்தன. விடியத் தொடங்கினால் பொழுதுபடும்வரை ஒரே இரைச்சல். ரீவியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்காது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பொறுக்கமாட்டாமல் ஒருமுறை தண்ணீர்க் குழாயைப் பிடித்து மரத்துக்கு அடித்தார். கொஞ்ச நேரம் அடங்கிவிட்டு முன்னைவிடப் பெரிதாகத் தொடங்கின.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம் நானும் மாமாவும் பின்படியில் இருந்து, பழப்பாணிக் கரைசலை உறைய வைத்துச் செய்த ஐஸ்குச்சிகளைச் சூப்பிக்கொண்டிருந்தோம். நான் காதைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சத்தம் தாங்கேலாமல் இருக்கு மாமா" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

"என்ன சத்தம்?"

பகிடி விடுகிறார் என்று நினைத்து மரத்தைக் காட்டினேன். அவர் எழும்பிப் போனார். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு பச்சைச் சில்வண்டு பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கிட்டக் காதை வைத்தார், பிறகு மற்றக் காதை வைத்தார். பிறகு ஒரு விரலை மெல்ல அதன்மேல் வைத்துப் பார்த்தார்.

"வயிறு துடிக்குது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இது கத்துதோ?" என்றார்.

படிக்குத் திரும்பி வந்து இருந்தபிறகு அவராகவே சொன்னார். வீட்டுக்குக் கிட்ட ஷெல் விழுந்தது. அதற்குப் பிறகு இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் தடித்த சத்தங்கள் மட்டும் வரும்.

"அத்தான் கதைச்சாக் கேக்கும். அக்கா கதைச்சா வாய் அசையிறது மட்டும்தான் தெரியும். பொம்பிளையளின்ர குரல், சின்னப் பிள்ளையளின்ர குரல் எல்லாம் காத்து மாதிரிப் போயிடுது."

"அம்மாட்டச் சொல்லுங்கோவன்."

"சொல்லக்கூடாது பிள்ளை. இஞ்ச இருக்க விடுறதுக்கு முதல் உடம்பு முழுக்கப் பாப்பாங்களாம். காது பழுதெண்டு தெரிஞ்சா அனுப்பிப்போடுவாங்களாம். அந்த மெடிக்கல் முடியட்டும். நீங்களும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அந்தப் பயத்தை அவருக்கு யார் ஊட்டினார்களோ தெரியாது. அது சரியா பிழையா என்று கேட்கும் வயதும் எனக்கு இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவருடன் கதைக்கப் பழகிவிட்டேன். வலது பக்கம் போய் நிற்க வேண்டும். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும். குரலைத் தொண்டையின் அடிக்குக் கொண்டுபோய்த் தவளை மாதிரிக் கதைக்க வேண்டும். அவசரப்படக்கூடாது. வேறு அறையில் இருந்தால் தரையில் காலால் உதைத்தால் பலகை அதிரும், திரும்பிப் பார்ப்பார்.

இதில் எனக்கு ஒரு பெரிய சந்தோஷம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் ஆங்கிலம் யாருக்கும் விளங்குவதில்லை. வீட்டில் களைத்து வரும் இருவரும் உருளைக்கிழங்கு உரித்தபடியும் சப்பாத்துக் கழற்றியபடியும்தான் என் கதைகளைக் கேட்பார்கள். மாமாதான் நான் வாயைத் திறந்தால் செய்வதை எல்லாம் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார். நான் சொல்லி முடிக்கும்வரை பார்ப்பார். அப்படி ஒருவர் என்னைப் பார்த்தது அதற்கு முதல் இல்லை. பிறகும் அதிகம் இல்லை.

வளவின் நடுவில் உடுப்புக் காயப்போடும் சுற்றுக்கம்பி ஒன்று நின்றதே, எல்லா வாடகை வீடுகளிலும் நின்றது, அதில் தொங்கிச் சுழலாத பிள்ளை நம்மில் யாரும் இல்லை. நான் தொங்க, மாமா சுழற்றிவிடுவார். காலுக்குக் கீழே புல்லும் வேலியும் வீட்டு இலக்கம் எழுதிய குப்பைத்தொட்டியும் கலங்கி ஓடும். ஒருநாள் கம்பி வளைந்துவிட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு என்னை ஏசினார். "நான்தான் அத்தான் தொங்கினனான்" என்றார் மாமா. அவ்வளவு பெரிய ஆள் அதில் தொங்கியதைக் கற்பனை செய்து பார்த்தோ என்னவோ, அப்பா ஏச்சைப் பாதியில் விட்டுவிட்டு உள்ளே போனார்.

பெப்ரவரி முடிய சில்வண்டுகள் குறைந்தன. பிறகு ஒரு நாள் ஒன்றுமில்லை. வெறும் கூடுகள் மட்டும் பட்டையில் ஒட்டியிருந்தன. காலைகளில் பள்ளிக்குப் போகும்போது கை மயிர் சிலிர்க்கும். பின்னேரங்களில் மட்டும் கோடை இன்னும் போகமாட்டேன் என்று நின்றது.

அப்படி ஒரு வெக்கையான பின்னேரம், தெற்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று திரும்பியது. அந்தக் காற்று உங்களுக்குத் தெரியும். கதவுகள் எல்லாம் ஒன்றாக அடித்துச் சாத்தும். பத்து நிமிடத்தில் வியர்வை குளிராகிவிடும். மழை வரமுதல் உடுப்புகளை எடுக்க நான் ஓடினேன். கை நிறைய உடுப்போடு வரும்போது இலையான் நுழையாமல் போட்ட வலைக் கதவுக்கு உள்ளே மாமா சுவர்ப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். மணியின் அதிர்வு அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். வலது காதில் அழுத்திப் பிடித்திருந்தார். "ஓம்" என்றார். பிறகு, "ஓம்... ஓம்... சரி." எதிர்ப்பக்கத்தில் யாரோ கன நேரம் கதைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்க முயன்றார். நான் கதவைக் காலால் தள்ளித் திறந்து உள்ளே வரும்போது லைன் போய்விட்டது.

ஆறு மணிக்கு அம்மா வந்ததும் அவர் முன்னால் போய் நின்று, "கொழும்பிலயிருந்து மச்சாள் எடுத்தவா" என்றார். ஊர்ச் செய்திகளை எங்களுக்குப் போனில் சொல்பவர் கொழும்பில் இருந்த அந்த மச்சாள் ஒருத்திதான்.

"என்னவாம்?"

அம்மாவின் வாயைப் பார்த்தார். "லைன் சரியில்லை. எல்லாரும் சுகமாம்."

அம்மாவுக்கு நல்ல சந்தோஷம். அந்த வாரக் கடைசியில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனோம். அம்மா மெரூன் சேலை கட்டி, பிளாஸ்டிக் பூ வைத்து, அங்கே பாடச் சொல்லிக் கேட்டார்கள் என்று ஒரு பாட்டும் பாடினார்.

இப்போது முருகன் கோயில் இருக்கும் மேய்ஸ் ஹில்லில் அப்போது கோயில் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஹோலை வாடகைக்கு எடுத்து, மேசைமேல் முருகன் படத்தை வைத்துப் பூசை நடக்கும். பூசை முடிந்து கடதாசித் தட்டில் கடலையோடு நின்றபோது, கொழும்பு மச்சாளின் பக்கத்துச் சொந்தக்கார அங்கிள் ஒருவர் அம்மாவிடம் வந்தார்.

"பெரியக்கான்ர செய்தி கேட்டு மனவருத்தமாப் போச்சு, தங்கச்சி. கடைசி நேரத்தில கஷ்டப்படேல்லையாம்."

அம்மா அவரைப் பார்த்தார். "என்ன செய்தி?"

அங்கிள் தடுமாறிப்போனார். "போன கிழமை... உங்கட தம்பியிட்டப் போனில சொன்னதாமே."

அம்மா கடலைத் தட்டை என் கையில் தந்தார். விழாமல் பிடித்துக்கொள் என்பது மாதிரித் தந்தார். பிறகு நேரே காருக்கு நடந்தார்.

நாங்கள் வீடு வந்தபோது மாமா பின் வளவில் தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதபடி அவர் முன்னால் போய் நின்றார்.

"எங்களை வளத்த மனிசியடா. ஒரு கிழமையாச் சொல்லாமல் என்ர கையால வாங்கிச் சாப்பிட்டனி. நான் செத்தவீட்டுத் துடக்கோட சாமி கும்பிட்டனான். நான் பாட்டுப் பாடினனான்."

வாய் சேலைக்குள் இருந்தது. மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் அம்மாவின் கண்களைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"என்ன அத்தான்?"

அப்பா கோபத்தோடு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "பெரியக்கா செத்து ஒரு கிழமை. போனில உன்னட்டச் சொல்லியிருக்கினம். நீ வாய் திறக்கேல்லை."

மாமாவின் கையிலிருந்த குழாய் கீழே விழுந்து தண்ணீர் என் சப்பாத்தை நனைத்தது. அவர் சுவரைப் பிடித்தபடி அப்படியே படியில் இருந்துவிட்டார். வெட்கப்பட்டு இருந்துவிட்டார் என்றுதான் அம்மாவும் அப்பாவும் நினைத்தார்கள்.

நான் சொன்னேன். "மாமாவுக்குப் போனில கேக்காது அம்மா. உங்கட குரலும் கேக்காது."

"நீ உள்ள போ."

"உண்மையா அம்மா..."

"நான் இப்ப சொன்னது வடிவாக் கேட்டதுதானே அவனுக்கு" என்றார் அப்பா. "பிள்ளையையும் பழக்கி வைச்சிருக்கிறான்."

மாமா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம் என்று. பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"மறந்துபோனன், அக்கா."

அதற்குப் பிறகு அம்மா அவரைக் கூப்பிடவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைப்பார். மாமா வந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். சில வாரங்களில் வேலை அனுமதி வந்தது. மெல்பேர்னில் ஊர்ப் பொடியன்கள் சிலர் இருந்தார்கள், தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். மாமா புறப்பட்ட காலை அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்து, ரப்பர் வளையம் போட்டு, "இதைக் கொண்டுபோய்க் குடு" என்று என்னிடம் தந்தார். சம்பலில் செத்தல் மிளகாய் குறைவாக இருந்தது. மாமாவுக்கு உறைப்பு ஆகாது.

அப்பாவின் கார் போனபிறகு நான் பள்ளிக்குப் போனேன். மூன்றரைக்குத் திறப்பால் கதவைத் திறந்தேன். பழக்கத்தில் தரையைக் காலால் உதைத்தேன்.

அந்த இலையுதிர்காலம் எனக்கு அதன் மணத்தோடு நினைவிருக்கிறது. எரிந்த தூசி மணம். முதல் நாள் ஹீற்றரைப் போடும்போது வருமே, அது. தெருவோர மரங்கள் சிவந்து உதிர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டே இருந்தார். மணிக்கூட்டை மாற்றியதும் பின்னேரம் இல்லாமல் போயிற்று. பள்ளியால் வந்து பாணில் ஜாம் பூசிச் சாப்பிட்டு, வீட்டுப்பாடம் முடிக்கமுதல் யன்னல் கறுத்துவிடும். எல்லா அறையிலும் லைற்றைப் போடுவேன். அப்பா வரும் சத்தம் கேட்டதும் ஓடி ஓடி நிறுத்துவேன். தனியாகக் கதைத்துப் பார்ப்பேன், அதே தவளைக் குரலில். வகுப்பிலும் ஒருமுறை வாசிக்கச் சொன்னபோது அந்தக் குரலே வந்துவிட, தொண்டை நோவாக்கும் என்று ரீச்சர் என்னைப் பள்ளிக்கூட நோயாளர் அறைக் கட்டிலில் படுக்க அனுப்பினார். மத்தியானம் வரை அங்கே படுத்திருந்தேன். நன்றாக இருந்தது, யாரோ இரண்டுமுறை எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு பின்னேரம் அம்மா வேலையால் வந்து கோட்டையும் கழற்றாமல் நடைபாதையில் நின்றார். கைப்பை தோளில் தொங்கியது.

"இஞ்ச வா" என்றார். "அண்டைக்கு நீ என்ன சொன்னனி?"

எனக்கு எது என்று உடனே விளங்கியது. "மாமாவுக்கு உங்கட குரல் கேக்காது எண்டு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவருக்குச் சில்வண்டே கேக்கிறேல்லை அம்மா. ஷெல் விழுந்தது. மெடிக்கலில பிடிப்பாங்கள் எண்டு சொல்லவேண்டாம் எண்டவர்."

அம்மா கோட்டோடும் சப்பாத்தோடும் கதிரையில் இருந்தார். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் இருந்தார். அம்மா ஒவ்வொரு நாளும் சூப்பைக் கொண்டுபோய் வைத்துக் கதை கொடுத்தாலும் முகத்தைத் திருப்பமாட்டார். ஆண் நேர்ஸ் கேட்டால் சிரித்துப் பதில் சொல்வார். கறுத்த ஆட்களைப் பிடிக்காத ஆள் என்று அம்மா மாதக்கணக்காக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு பிலிப்பினோ நேர்ஸ் பகிடியாகச் சொல்லியிருக்கிறாள், அவருக்குப் பெண்களின் குரல் காதில் ஏறாது, குனிந்து முகத்துக்கு நேரே கட்டைக் குரலில் கதை என்று. அம்மா குனிந்து கதைத்திருக்கிறார். கிழவர் அம்மாவின் கையைத் தட்டி நன்றி சொல்லியிருக்கிறார்.

அதைச் சொல்லிவிட்டு அம்மா எழும்பிப் போனை எடுத்தார். மெல்பேர்ன் நம்பரில் பாதியைச் சுழற்றினார். பிறகு வைத்துவிட்டார்.

"போனில என்னத்தைச் சொல்லுறது" என்றார்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் நானும் அம்மாவும் பகல் பஸ்ஸில் மெல்பேர்னுக்குப் போனோம். அப்பா வரவில்லை. வழியெல்லாம் காய்ந்த குன்றுகளும் செம்மறிகளும். அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். மெல்பேர்னின் மேற்குப் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்குக் கிட்ட ஒரு பழைய வீட்டில் நாலைந்து பேரோடு மாமா இருந்தார். சிட்னியைவிட மோசமான குளிர். வேலை முடிந்து அவர் வரும்போது நாங்கள் அவருடைய மெத்தையில் இருந்தோம். காதுக்குப் போடும் மூடி கழுத்தில் தொங்கியது. எங்களைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்மா எழும்பி அவர் முன்னால் போனார். குரலைத் தாழ்த்தி, மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"பெரியக்கா போனது உனக்கு எப்ப தெரியும்?"

மாமா என்னைப் பார்த்தார், நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொண்டார். அதில் கோபம் இருக்கவில்லை.

"அத்தான் சொல்லேக்கதான்" என்றார்.

அந்தப் பின் வளவும், கையிலிருந்து விழுந்த குழாயும், அவர் படியில் இருந்துவிட்டதும் எனக்கு முன்னால் வந்தன. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். அவர் முகம் உடைந்துவிட்டது.

"அப்ப ஏன்ரா மறந்துபோனன் எண்டனி?"

"கேக்கேல்லை எண்டு சொன்னா எல்லாம் வெளியில வந்திடுமக்கா. அந்த நேரத்தில வேற ஒண்டும் வாயில வரேல்லை."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். மாமா என் பக்கம் திரும்பி, "என்ன சொல்லுறா?" என்று கேட்டார். நான் அவருடைய வலது பக்கம் போய்ச் சொன்னேன். "உன்னை ஒருத்தரும் அழக்கூட விடேல்லையே எண்டு சொல்லுறா."

அப்போதுதான் மாமா அழுதார். ஒன்றிரண்டு மாதம் பிந்தி, இருவரும் அந்தக் குளிர்த் தரையில் இருந்து தங்கள் அக்காவுக்காக அழுதார்கள். மற்றப் பொடியன்கள் அறைக்கு வெளியே நின்றார்கள். ஒருவர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

மறுநாள் அம்மா அவரை வீட்டுக்குத் திரும்பி வரச் சொன்னார். மாமா வரவில்லை.

"இஞ்ச மெஷின் சத்தத்தில எல்லாரும் காதை மூடிக்கொண்டு கையாலதான் கதைக்கிறாங்கள். எனக்கு இது சரியக்கா."

அவர் அங்கேயே இருந்துவிட்டார். மெடிக்கலில் காதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லையாம். ஒன்றுக்கும் உதவாத பயத்துக்காக அவ்வளவும் நடந்தது. கலியாணம் கட்டி, பிள்ளைகளை வளர்த்து, இப்போது மெல்பேர்னுக்கு வெளியே ட்ருகனினாவில் ஒரு புது வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். இரண்டு காதுக்கும் கருவி இருக்கிறது. எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். வருடத்தில் ஒருமுறை பார்ப்போம். அந்தக் கோடையைப் பற்றி நாங்கள் கதைத்ததில்லை.

மாறியது அம்மாதான். சிட்னிக்குத் திரும்பிய பிறகு அவர் யாரையும் மற்ற அறையிலிருந்து கூப்பிட்டதில்லை. சாகும்வரை கூப்பிட்டதில்லை. சமையல் முடிந்தால் அடுப்பை நிறுத்தி, கையைத் துடைத்து, நான் இருக்கும் அறைக்கு நடந்து வருவார். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பார். பார்த்தபிறகுதான், "சாப்பிட வா" என்பார். அப்பாவிடமும் அப்படித்தான். பிறகு என் கணவரிடமும், என் மகனிடமும்.

நல்ல பழக்கம்தான். அதன் காரணம் எனக்குத் தெரியும், அதனால் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் உங்களிடம் சொல்லலாம். அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் என் அறையில் வீட்டுப்பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு, குசினிக்குள்ளிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு குரல் வராதா என்று காத்திருந்தேன். உரத்து, அவசரமாக, கொஞ்சம் எரிச்சலோடு என்றாலும் பரவாயில்லை. அகப்பை சட்டியில் படும் சத்தம் கேட்கும். தண்ணீர்க் குழாய் நிற்பது கேட்கும். பிறகு பலகைத் தரையில் அம்மாவின் காலடி மட்டும் வரும்.